மயிலாப்பூருக்கு வந்த மானிடவியல்

மனிதனை அறிவதற்காக அவனுடைய தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்த காலம் ஒன்று சென்னையில் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் அவ்வாறு அளந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. கொல்லரும் தச்சரும் அவற்றில் சாதியாக எண்ணப்பட்டனர். பொறியறிவு உடையோராக எண்ணப்படவில்லை. அந்த விடுபாடு சிறிதன்று என்பது பின்னர் விளங்கும்.

தர்ஸ்டனுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, 1954–55இல், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்தார். அவர் கையில் அளவைக் கருவி எதுவும் இல்லை. போலந்தில் பிறந்து, அமெரிக்காவில் தத்துவம் பயின்று, ராபர்ட் ரெட்ஃபீல்டு என்னும் மானிடவியலறிஞரின் தோழமையால் இத்துறைக்குள் நுழைந்தவர் அவர். ஒவ்வொரு நாகரிகத்திலும் கற்றோர் பேணும் பெருமரபு ஒன்றும், ஊரார் பேணும் சிறுமரபு ஒன்றும் உண்டு என்பது ரெட்ஃபீல்டின் கொள்கை. மானிடவியலார் மலைகளையும் சிற்றூர்களையுமே பெரிதும் நாடிய நாளில், பெருமரபு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு மாநகரத்தில் காண முனைந்தார் சிங்கர்.

அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் சென்னைப் பல்கலைக்கழக வடமொழிப் பேராசிரியர் டாக்டர் வி. இராகவன். போஜனின் சிருங்காரப் பிரகாசத்தை ஆராய்ந்தவரும், 1944 முதல் மியூசிக் அகாதெமியின் செயலாளராக விளங்கியவருமான அவரைவிடப் பொருத்தமான துணை ஒருவருக்குக் கிடைத்திருக்க முடியாது. அத்துணையே பின்னர் எல்லையாகவும் ஆயிற்று.

பண்பாடு என்பது யாது என்று சிங்கர் வினவியபோது, நண்பர்கள் விளக்கவுரை ஆற்றுவதினும் மிகுதியாக அவரை அழைத்துச் சென்றனர். ஒரு திருமணம், ஒரு கதாகாலட்சேபம், ஒரு கச்சேரி, ஒரு வீட்டுக் கூடத்தில் இரவெல்லாம் நிகழும் ராதாகிருஷ்ண பஜனை என அவர் பார்த்தவை பல. இவை ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. நிகழ்த்துவோரும் காண்போரும் உண்டு. இடமும் தருணமும் உண்டு. ஆகவே கண்ணால் காணத்தக்க அலகு இதுவே என அவர் துணிந்தார். ‘பண்பாட்டு நிகழ்த்துகை’ என்று இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் கருத்து பெரிதும் இவ்வாறு சென்னையின் கூடங்களிலும் சபாக்களிலும் உருவானதாகும். மார்கழியில் சபா வாயிலில் சிற்றுண்டிக்குக் காத்து நிற்போர் தாம் ஒரு கோட்பாட்டின் உறுப்பினர் என்பதை அறிந்திருப்பார்களோ என்பது ஐயமே.

சிங்கர் மீண்டும் 1960–61இலும் 1964இலும் வந்தார். மூன்றாம் வருகையின்போது அவருடைய வினா எந்திரத்தின் பக்கம் திரும்பியது. இந்தியாவைக் கண்டிராத ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர், சாதியும் சடங்கும் தொழில்நுட்ப மாற்றத்துக்குத் தடையாகும் எனவும், அத்தகைய மண்ணில் தொழில் முதலாளியம் தானே முளைக்காது எனவும் நூல்வழி முடிவுகட்டியிருந்தார். அம்முடிவு மேலைநாட்டு அறிஞரிடையே ஏறக்குறைய வேதவாக்காக நிலவியது. அதனைச் சோதிக்கச் சிங்கர் சென்னைத் தொழில் தலைவர்கள் பத்தொன்பது பேரை நேரில் கண்டு உரையாடினார்.

அவர் கண்டது எளியது, ஆயினும் கூரியது. ஆலைக்கு ஓர் உடை, இல்லத்துக்கு ஓர் உடை. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தாய்மொழி. பணியிடத்தில் யாரோடும் கலந்து உண்ணல், வீட்டில் பழைய ஒழுங்கு. இரண்டையும் மோதவிடாமல் வாழ்க்கையைத் தனித்தனி அறைகளாக வகுத்துக்கொண்டனர் அத்தலைவர்கள். செய்ய நேரமில்லாத சடங்கைப் பொருள் கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்வித்தனர். கீதையின் வினைக் கோட்பாடு கடமையில் முனைப்பதற்குச் சான்றாயிற்று. மரபு தடையாக நிற்கவில்லை. இடம் மாறி நின்றது. 1972இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் வேபருக்குரிய இந்த மறுமொழி விரிவாக இடம்பெற்றது.

எனினும் அந்த வகுத்த அறைகளுக்குள் யார் இருந்தனர் என்ற கேள்வி எஞ்சுகிறது. சிங்கருக்குத் தகவல் தந்தோர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோர். அவருள்ளும் பிராமணர் மிகுதி. அவர் வந்த நாளில் திராவிட முன்னேற்றக் கழகம் ஐந்தாறு வயதைக் கடந்து தெருவெங்கும் பேசிக்கொண்டிருந்தது. பொதுக்கூட்ட மேடையும் பட்டிமன்றமும் கவியரங்கமும் தொடக்கமும் முடிவும் காண்போரும் உடைய நிகழ்த்துகைகளே. அவரே வகுத்த இலக்கணம் அவற்றுக்கு அப்படியே பொருந்தும். ஆயினும் அவருடைய நூலின் நடுவிடத்தில் அமர்ந்தவை பஜனையும் காலட்சேபமுமே. தமிழ்க் கவிஞர் எவரும் மனத்தாங்கல் கொள்ள இடமுண்டு.

எந்திரத்தைத் தொட்ட கைகளின் கதை வேறு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குக் குடியேறிய நிறுவனம் அடையாற்றங்கரைக்கு அண்மையில் நிற்கிறது. அதன் இடங்கள் யாருக்கு என்பது வழக்காகவே எழுந்தது. 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையை வீழ்த்தியபோது, செண்பகம் துரைராஜன் பெயரால் வழங்கும் அத்தீர்ப்பு, பொறியியல் கல்லூரியில் இடம் கோரிய சீனிவாசன் என்னும் மாணவரின் வழக்கையும் உள்ளடக்கியது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பெற்றது. பொறியியல் என்னும் சொல் தமிழ்ச் சமூகத்தில் எத்துணை எடையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மானிடவியல் இவ்விடத்துக்கு வந்து சேர நெடுநாள் ஆயிற்று. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை மையமாகக் கொண்டு அஜந்தா சுப்பிரமணியன் எழுதிய நூல் 2019இல் வெளிவந்தது. கைவினைஞரின் அறிவைப் பயிற்சிப் பள்ளிக்கும், கணிதம் வல்லோரின் அறிவைக் கல்லூரிக்கும் பிரித்து அனுப்பிய காலனிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கி, ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் சாதி எவ்வாறு பெயர் சொல்லாமல் குடியேறியது என்பதை அவர் ஆராய்கிறார். தர்ஸ்டன் விட்டுச்சென்ற விடுபாட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட கணக்கு அது எனலாம். சிங்கர் ‘மரபு எந்திரத்தைத் தடுக்குமா’ என்று கேட்டார். இவரோ எந்திரக் கல்வியே மரபின் புதிய இருப்பிடம் ஆனதைக் காட்டினார்.

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வருகிறது. வடம் பிடிப்போர் ஆயிரவர். தேரைத் திருப்புவோர் சிலரே. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையை இந்தக் கோணத்தில், இந்த நொடியில் இட்டால்தான் அத்துணைப் பெரிய பாரம் வீதி முனையில் வளையும். ‘முட்டுக்கட்டை’ என்றால் தடை என்றே அகராதி அறியும். தேரடியில் அது திசைமாற்றி. டாக்டர் இராகவன் பிறந்த திருவாரூரின் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் நீரழுத்தத் தடைக்கருவி பொருத்திய பின்னரும் முட்டுக்கட்டை இடுவோர் பணி ஓய்ந்துவிடவில்லை. குனிந்து கட்டை இடும் அம்மனிதரிடம் சென்று பண்பாடு யாது என்று கேட்ட ஆய்வேடு இன்னும் வரவேண்டியிருக்கிறது.