கேரளத்தின் காய்கறி அடிப்படை விலை: யாருக்குப் பாதுகாப்பு?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் பழைமையான வணிகப் பகுதி சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய இச்சந்தை, கிழக்குக் கோட்டை முதல் கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைக்களமும் இதுவே. இங்கு விற்பனையாகும் காய்கறிகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது.

பிற மாநிலங்களைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைத்து, உள்ளூர் விவசாயிகளை ஊக்குவிக்கும் நோக்கில், 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை நிர்ணயிக்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

திட்டம் செயல்படும் முறை

உற்பத்திச் செலவுடன் 20 விழுக்காடு சேர்த்து அடிப்படை விலை கணக்கிடப்படுகிறது. சந்தை விலை அதற்குக் கீழே சரிந்தால், அடிப்படை விலையிலேயே விளைபொருள் கொள்முதல் செய்யப்பட்டு, தொகை விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். தொடக்கத்தில் ஒரு கிலோ மரவள்ளிக்கிழங்குக்கு 12 ரூபாய், நேந்திரன் வாழைக்கு 30 ரூபாய், பாகற்காய்க்கு 30 ரூபாய், வெண்டைக்காய்க்கு 20 ரூபாய், தக்காளிக்கு 8 ரூபாய் என விலை அறிவிக்கப்பட்டது. முன்பதிவு செய்த விவசாயி, ஒரு பருவத்தில் அதிகபட்சமாக 15 ஏக்கர் சாகுபடிக்கு இப்பயனைப் பெறலாம்.

தமிழ்நாட்டு விவசாயிகளின் நிலை

இப்பாதுகாப்பு கேரளத்தில் விளைவிப்போருக்கு மட்டுமே உரியது. மத்திய அரசு 22 விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அப்பட்டியலில் காய்கறிகள் இல்லை. தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள், இடைத்தரகர் இன்றி நேரடியாக விற்க வழி செய்தன. எனினும் அவை விலைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. எனவே வரத்து மிகும் நாள்களில் ஒட்டன்சத்திரத்திலோ பாவூர்சத்திரத்திலோ தக்காளி விலை வீழ்ந்தால், இழப்பு முழுவதையும் விவசாயியே ஏற்க வேண்டியுள்ளது.

2021 இறுதியில் தக்காளி விலை கடுமையாக உயர்ந்தபோது, தென்காசி விவசாயிகளின் உற்பத்தியாளர் அமைப்புகளிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யக் கேரள அரசு நிறுவனமான ஹார்ட்டிகார்ப் ஒப்பந்தம் செய்தது. விலையேற்றத்திலிருந்து நுகர்வோரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம்.

உலக அனுபவம்

விளைபொருளுக்கு அரசு விலை நிர்ணயிப்பது பிற நாடுகளிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், 1947-இல் உருவான கொக்கோ வாரியத்தின் வழியாக, விவசாயிக்குரிய கொள்முதல் விலையை அரசு பருவந்தோறும் அறிவிக்கிறது. 2020-21 பருவம் முதல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் இணைந்து, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு டன் கொக்கோவுக்கும் 400 டாலர் கூடுதல் தொகை கோரின. அண்டை நாடுகள் இரண்டும் ஒரே பயிருக்கு ஒன்றாக விலை பேசின.

சாலைக் கடைத்தெருவில் நெடுமங்காட்டுப் பாகற்காயும் தென்காசித் தக்காளியும் அருகருகே விற்பனையாகின்றன. அவற்றுள் ஒன்றுக்கே அடிப்படை விலையின் பாதுகாப்பு உள்ளது.