ஒரே வீட்டில் இரண்டு வாதம்

திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவே இருக்கிறது ஏர்பேடு. அங்கே மாமியாருக்கு முழங்கால் வலி, மருமகளுக்கு விரல் வலி என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடுதான். இரண்டும் ‘வாதம்’, இரண்டுக்கும் ஒரே தைலம், மருந்துக்கடையில் ஒரே மாத்திரை. ஆனால் நோய் வேறு வேறு.

மாமியாருடையது மூட்டுத் தேய்மானம். குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரத்தில் முள் வளர்கிறது. வயது, எடை, வருடக்கணக்காகக் குத்துக்காலிட்டுச் செய்த வேலை எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. மருமகளுடையது முடக்குவாதம். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வித்தியாசம் விடிந்ததும் தெரியும். மாமியாருக்கு எழுந்தவுடன் முழங்கால் பிடித்துக்கொள்ளும்; நாலு நடை நடந்தால் அரைமணிக்குள் விட்டுவிடும். பிறகு வேலை ஏற ஏற வலி ஏறும், உட்கார்ந்தால் தணியும். மருமகளுக்குத் தலைகீழ். ஒரு மணி நேரம் தாண்டியும் விரல் மடங்காது. குக்கர் மூடியைத் திருக முடியாது, பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாது. புழங்கப் புழங்கத்தான் இளகும். மதியம் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அநியாயம் இங்கேதான். மாமியாரின் வலிக்கு வயது சாட்சி. மருமகளின் வலிக்குச் சோம்பல் என்று பேர். இந்த நோயோடு வரும் அசதியையும் ரத்தசோகையையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

கையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். தேய்மானம் விரல் நுனிக் கணுவை முண்டாக்கும். முடக்குவாதம் பெரும்பாலும் நுனியை விட்டுவிட்டு நடுக்கணு, விரலடி, மணிக்கட்டு என்று இரண்டு கையையும் ஒருசேரப் பிடிக்கும்.

மாமியாருக்குத் தொடைத்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் முக்கியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும். அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போகும் 3,550 படியை ஏறுவதாக வேண்டுதல் இருந்தாலும் பஸ்ஸில் போகட்டும், பெருமாள் கோபிக்க மாட்டார். எதுவும் பலிக்காவிட்டால் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை.

மருமகளுக்கு அந்த ஆறு மாதம்தான் உயிர்நாடி. அரித்த எலும்பு திரும்ப வளராது. சரியான மருந்து இல்லாத காலத்தில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் இதே நோயால் முடங்கிய கையில் தூரிகையைப் பொருத்திக்கொண்டு வரைந்தார். இன்று மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் நோயையே அடக்குகின்றன. வலிமாத்திரை வலியை மட்டும் மறைக்கிறது. ஸ்டீராய்டு ஊசி அன்றைக்கே சுகம் தரும். அதையே தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

ஆறு வாரமாகக் காலை விறைப்பும் விரல் வீக்கமும் இருக்கிறதென்றால் தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். திருப்பதிப் பக்கத்துக்காரர்களுக்கு வேலூர் சிஎம்சியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.