ஒரு வினையடையும் தூக்குமேடையும்

சொற்களின் வரலாறு சமுதாய வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. ஆங்கிலத்தில் அருகி வழங்கும் 'பேர்க்கிளேரியஸ்லி' என்னும் வினையடை இதற்குத் தக்க சான்றாகும். 'கன்னமிடும் கருத்துடன்' என்பது அதன் பொருள். இரவிற் பிறர் மனையை உடைத்து, பெருங்குற்றம் புரியும் நோக்குடன் உட்புகுதலே ஆங்கிலப் பொதுச்சட்டத்திற் கன்னக்களவு எனப்பட்டது. அது நெடுங்காலம் மரணதண்டனைக்குரியதாயிருந்தது.

குற்றப்பத்திரங்கள் இலத்தீனில் எழுதப்பட்ட காலத்தில் இச்சொல் 'பேர்கிளாரிற்றர்' என நின்றது. தம் உயிரைப் பற்றிய வழக்கின் வாசகமே சாதாரண மக்களுக்கு விளங்காதிருந்தது. 1730ஆம் ஆண்டுச் சட்டம், 1733 முதல் ஆங்கிலத்தை நீதிமன்ற ஏடுகளின் மொழியாக்கியது. ஆயின் மொழி மாறியதேயன்றிச் சொல்லின் ஆட்சி மாறவில்லை. கன்னக்களவுக் குற்றப்பத்திரத்தில் இவ்வினையடை இன்றியமையாததென, 1769இல் வெளிவந்த தமது சட்டவுரையின் நான்காந் தொகுதியில் வில்லியம் பிளாக்ஸ்ரன் குறிப்பிடுகின்றார். ஒத்த பொருளுடைய பிறசொல் எதுவும் அதற்கு ஈடாகாது.

இந்நியதி இருமுகங் கொண்டது. சொத்துடையோரைக் காத்த சட்டம், எளியோர்க்குப் புரியாத சொல்லொன்றிலே தன் அதிகாரத்தை நிறுத்தியது. எனினும் அச்சொல் விடுபட்டவிடத்துக் கன்னக்களவுத் தீர்ப்பு நிலைக்க இயலாதாகையால், தூக்கினின்றும் தப்பும் வழியும் அதுவேயாயிற்று.

வன்முறை கலவாத கன்னக்களவுக்கு மரணதண்டனை 1837இல் நீக்கப்பட்டது. குற்றத்தை எளிய நடையிற் கூறுமாறு 1915ஆம் ஆண்டின் குற்றப்பத்திரச் சட்டம் விதித்தபின், இவ்வினையடையின் தேவையும் அற்றது. அந்நியமொழியை அகற்றுவதனால் மாத்திரம் நீதி மக்கள்மயமாவதில்லை. தன்மீது சுமத்தப்படுவது யாதென எளியவனும் உணரும்போதே அது நிகழ்கின்றது.