அருவியும் அறவோரும்: செல்லார்கோவில் முதல் திருக்குணகிரி வரை

நம் சங்கத்தின் மலருக்கு நான் இதற்கு முன் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவை நான் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள எழுதியவை. இந்த நான்காவது, நான் மேடையில் சொன்ன ஒரு பிழையைத் திருத்த எழுதுவது. வியாபாரத்தில் தப்பாகப் பில் போட்டுவிட்டால் மறுநாளே ஆளனுப்பித் திருத்திவிடுவோம். வரலாற்றிலும் அப்படித்தானே செய்ய வேண்டும்?

கேரளத்தில் ஆனைக்கரை என்று நாம் சொல்லும் ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டம் பட்டாம்பி வட்டத்தில் பாரதப்புழைப் பக்கம். இன்னொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவில். மலையாளத்தில் இதை அணக்கரை என்று எழுதுவார்கள். நம்மாட்கள் வாயில் அது ஆனைக்கரையாகவே இருக்கிறது. நான் சொல்வது இந்த இரண்டாவது ஊரை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நயினார் வீட்டுப் பிள்ளையான நான், இருபத்திரண்டு வயதில் ஏலக்காய் வாங்க இங்கே வந்தேன். வந்தவன் திரும்பவில்லை. போடிநாயக்கனூருக்கும் புற்றடிக்கும் ஏல விற்பனைக்கு நடந்தே செருப்புத் தேய்ந்தது. மாலையில் கடை சாத்திய பிறகு கல்வெட்டுப் புத்தகங்களை வாசிப்பது என் வழக்கம். கல்லூரிப் படிப்பு கிடையாது. வட்டெழுத்தை நானாகத்தான் எழுத்துக்கூட்டிக் கற்றேன்.

ஆனைக்கரையிலிருந்து சிறிது தூரத்தில் செல்லார்கோவில் இருக்கிறது. அங்கே அருவிக்குழி என்ற இடத்தில் மழைக்கால ஓடை ஒன்று மலை விளிம்புக்கு வந்து அப்படியே கிழக்கே விழுகிறது. நிற்பது கேரளத்தில், தண்ணீர் போய்ச் சேருவது தமிழ்நாட்டில். கீழே கம்பம் பள்ளத்தாக்கு தென்னந்தோப்பும் வயலுமாக விரிந்து கிடக்கும். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். என் பேச்சில் நான் செய்த பிழைக்கும் அந்த இடம்தான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் "மலையும் சமணமும்" என்று பேசினேன். அருவியைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் ஒரு சித்திரம் வளர்ந்திருந்தது. நடுக்காடு, கொட்டும் அருவி, அதன் பக்கத்துக் குகையில் ஒரு சமணத் துறவி. அந்தச் சித்திரத்தைக் கம்பத்துக்கு அருகிலுள்ள சுருளி அருவியின்மேல் ஏற்றிவிட்டேன். சுருளியில் சித்தர்கள் தவம் செய்ததாக மக்கள் நம்புகிறார்கள். அங்கே குகைகளும் இருக்கின்றன. "அந்தச் சித்தர்கள் வேறு யாருமல்ல, எங்கள் சமண முனிவர்களே" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல்.

பேச்சு முடிந்ததும் துணிக்கடை நண்பரின் மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு, என்னிடம் வந்தாள். "தாத்தா, சுருளியில எழுத்து இருக்கா? நீங்க சொன்னீங்களே அச்சணந்தி, அவர் பேரு அங்க இருக்கா?" என்று கேட்டாள். நான் சுருளிக்குக் குளிக்கப் போகிறவர்களை வண்டியில் இறக்கிவிட்டிருக்கிறேனே தவிர, குகைகளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், "இருக்கும்மா, போனா பாக்கலாம்" என்றேன். ஏலக்காயைக் கையில் அள்ளிப் பார்த்து, நிறம் பார்த்து, லிட்டர் எடை போட்டுத்தான் விலை சொல்கிறவன் நான். அன்று சாக்கைப் பிரிக்காமலே விலை சொல்லிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை கிளம்பினேன். முதலில் செல்லார்கோவிலில் நின்று அருவியைப் பார்த்தேன். பிறகு புற்றடி, கம்பம்மெட்டு வழியாக மலையிறங்கிக் கம்பம் போய், அங்கிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் உள்ள சுருளிக்குப் போனேன். மேகமலைத் தொடரின் நீர் அங்கே அருவியாக இறங்குகிறது. ஆடி அமாவாசையன்று முன்னோருக்குத் திதி கொடுக்க மக்கள் திரண்டு வருவார்கள். இந்தக் காடுகள் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. ஆகவே வனத்துறை விடும் இடம் வரைதான் போகலாம். விட்ட இடம் வரை போய், பார்க்கக்கூடிய குகைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டிய கற்படுக்கை இல்லை. குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டும் காடி இல்லை. உருவம் இல்லை. ஓரெழுத்தும் இல்லை. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டுப் பெருநூலின் இடப்பட்டியலிலும் சுருளி கிடையாது. இதை நான் பேசுவதற்கு முன்பே பார்த்திருக்கலாம்.

ஏமாற்றத்தோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது என் பாட்டி நினைவு வந்தது. பாட்டி கிணற்றுத் தண்ணீரைத் துணி கட்டி வடித்துத்தான் குடத்தில் ஊற்றுவார். வடித்த துணியை அதே கிணற்று நீரில் அலசிவிடுவார். துணியில் தங்கிய சிற்றுயிர் அதன் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது கணக்கு. இல்லறத்தாருக்கே நீர் விஷயத்தில் இவ்வளவு கட்டுப்பாடு என்றால் துறவிக்கு எவ்வளவு இருக்கும்? திகம்பரத் துறவிக்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களை வட்டகேரரின் மூலாசாரம் சொல்கிறது. குளியாமை அதில் ஒன்று. நாளுக்கு ஒரே வேளை உண்பது இன்னொன்று. அந்த ஒரு வேளையும் இல்லறத்தார் இடுவதை, நின்றபடி, கையையே கலமாகக் கொண்டு உண்ண வேண்டும். குடிநீரும் அப்போதுதான். அதுவும் காய்ச்சி உயிரற்றதாக்கிய நீர். நீரே உயிர்களுக்கு உடலாக இருக்கிறது என்று நம்புகிறவர் அருவியில் போய் நிற்கமாட்டார், அள்ளிக் குடிக்கவும் மாட்டார்.

மழைக்காலத்தையும் யோசித்துப் பார்த்தேன். ஆனி, ஆடிப் பௌர்ணமி வாக்கில் தொடங்கித் தீபாவளி வரை ஏறக்குறைய நான்கு மாதம் துறவிகள் ஊர் விட்டு ஊர் நடப்பதில்லை. மழையில் தரையெங்கும் புல்லும் பூச்சியும் தளிர்ப்பதால் மிதிபடக்கூடாதென்று ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அருவி பொங்கி விழும் மாதங்களும் பெரும்பாலும் அவையே. அந்த நான்கு மாதமும் தினம் ஒரு வேளை சோறிட நடந்து எட்டும் தூரத்தில் ஒரு வீடு வேண்டும். ஆகவே சமணத் துறவிக்கு ஊர்தான் முதல் தேவை. ஊருக்குப் பக்கத்தில் ஒதுங்கிய பாறை இருந்தால் போதும். நான் மேடையில் காட்டிய சித்திரத்தில் சோறிடும் வீடு எங்கே இருந்தது? அதை நான் யோசிக்கவே இல்லை.

அன்று மதியமே கம்பத்துக்குத் திரும்பி உத்தமபாளையம் போனேன். அதுவும் பத்து கிலோமீட்டர் அளவுதான். ஊரை ஒட்டியே பாறைக் குன்று ஒன்று இருக்கிறது. கருப்பணசாமி கோயில் பாறை என்பார்கள். அதன் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாம்புப் படத்தின் கீழ் பார்சுவநாதரை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். உருவங்களின் அருகே செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அச்சணந்தி பெயரும் அவற்றில் உண்டு. கல்வெட்டில் இந்தக் குன்றின் பெயர் திருக்குணகிரி. 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சடையமாறன் காலத்தில், திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தியும் அங்கே பதிவாகியிருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட பெயர் இருந்தது, ஆனால் நான் சொன்ன இடத்தில் இல்லை. அருவி விழும் காட்டில் இல்லாமல் ஊரோரத்தில், மலைச்சரக்கு மதுரைக்கு இறங்கும் பள்ளத்தாக்கில் இருந்தது.

அச்சணந்தி யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டுக் குன்றுகள் பலவற்றில் உருவங்கள் செய்வித்த சமண ஆசிரியர் அவர். வடக்கே வள்ளிமலை முதல் தெற்கே சிதறால் வரை அவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அவருடைய தாயார் குணமதியார் என்று கல்வெட்டு சொல்கிறது. பிள்ளை துறவு கொண்டு ஊர் ஊராக நடந்தான். தாய் அவன் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக் கல்லில் எழுதி வைத்தாள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம் சங்கத்துத் தாய்மார்களுக்கு இது புரியும்.

துறவியை ஊர் காப்பாற்றியது என்பதற்கு இன்னும் உறுதியான சான்று பழனிக்கு அருகே ஐவர்மலையில் இருக்கிறது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்தார். எதற்கு? வழிபாட்டுப் படையலுக்கும், அங்கிருக்கும் ஒரு அடிகளுக்குச் சோறிடுவதற்கும். அந்தச் சோற்றுக்கு முதலீடு வைத்துக் கல்லில் கணக்கும் எழுதியிருக்கிறார்கள். வரகுணன் பட்டமேறியது 862இல் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட உதவியதும் இந்தக் கல்வெட்டே.

இன்னும் பின்னே போனால், சோறிட்டவர்களும் படுக்கை வெட்டித் தந்தவர்களும் யார் என்பதும் தெரிகிறது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்-பிராமி எழுத்துகளில் உப்பு வணிகர், பாணித வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் என்று கொடையாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். பாணிதம் என்றால் கருப்பஞ்சாற்றுப் பாகு, கொழு என்றால் ஏர்முனை இரும்பு, அறுவை என்றால் துணி. மாங்குளத்தில் வெள்ளறை ஊரின் வணிகக் குழுவே சேர்ந்து கொடை கொடுத்திருக்கிறது. நம் மலருக்கு விளம்பரம் தருகிற கடைத்தெரு அப்படியே அங்கே இருக்கிறது! நான் மேடையில் காட்டில் தனியே நின்ற துறவியைப் புகழ்ந்தேன், அவருக்குச் சோறிட்ட உப்பு வியாபாரியை மறந்தேன். நானே ஒரு வியாபாரியாக இருந்தும் மறந்தேன் என்பதுதான் வெட்கம்.

அப்படியானால் அருவிக்கும் சமணத்துக்கும் தொடர்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உடுமலைப்பேட்டைக்கு அருகே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் திருமூர்த்திமலை இருக்கிறது. மேலே பஞ்சலிங்க அருவி. கீழே ஓடையோரத்தில் கோயில். கோயிலின் இறைவர் பெயர் அமணலிங்கேசுவரர். அங்குள்ள பெரும்பாறையின் முகத்தில் தேய்ந்துபோன புடைப்புருவம் ஒன்று இருக்கிறது. அமணர் என்பது சமணருக்கு வழங்கிய பெயர். ஆகவே அது சமண உருவமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வழிபடுவோர் அதை மும்மூர்த்தியாகக் கும்பிடுகிறார்கள். பெயர் ஒன்று, உருவம் ஒன்று என்று இரண்டு சான்று அங்கே சேர்ந்து நிற்பதால் நாம் பேசலாம். அதுவும் "கருதுகிறார்கள்" என்ற அளவில் பேசலாம். இன்று விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களிடம் போய் "இது எங்களுடையது" என்று சண்டை பிடிக்க அது போதாது, பிடிக்கவும் வேண்டாம். அவர்கள் கும்பிட்டதால்தான் அந்தப் பாறை உடைகல்லாகாமல் தப்பியது. உத்தமபாளையத்திலும் கருப்பணசாமி காவல் இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

சுருளியில் எந்தத் துறவியும் கால் வைத்ததே இல்லை என்று இப்போது நான் மறுபக்கம் சாயவில்லை. நாளை ஒரு குகையில் ஒரு படுக்கையோ ஓர் எழுத்தோ கிடைத்தால் முதலில் மகிழ்கிறவன் நானாக இருப்பேன். அதுவரை சுருளியைச் சித்தர்களுக்கும் திதி கொடுக்க வருகிற மக்களுக்கும் உரியதாகவே விட்டுவிட வேண்டும். எண்ணிக்கையில் குறைந்துபோன சமூகத்துக்குப் பார்க்கும் குகையெல்லாம் தன்னுடையதாகத் தோன்றும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கும் இந்த ஆசை உண்டு அல்லவா? சான்றில்லாத இடத்தில் உரிமை கொண்டாடினால், சான்றுள்ள இடத்தில் பேசும்போதும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் துணிக்கடைக்குப் போனேன். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். செல்போனில் எடுத்த திருக்குணகிரிப் படங்களைக் காட்டி, "சுருளியில எழுத்து இல்லம்மா. அன்னைக்குத் தாத்தா பாக்காமலே சொல்லிட்டேன்" என்றேன். படத்தைப் பெரிதாக்கி வட்டெழுத்தைச் சற்றுநேரம் பார்த்தாள். "இதுல எது 'அ' தாத்தா?" என்று கேட்டாள். கடையில் கூட்டம் இருந்தும் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன்.

செல்லார்கோவிலுக்கு வரும் அன்பர்கள் அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பாமல், கம்பம்மெட்டு வழியாக இறங்கி உத்தமபாளையம் வரை போய் வாருங்கள். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். பாறையில் மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும். சுண்ணாம்போ சாக்கட்டியோ பூசிப் படமெடுக்காதீர்கள், பிள்ளைகளையும் கீறவிடாதீர்கள். யாராவது வழிகாட்ட வேண்டுமென்றால், தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருப்பேன். ஒரு வார்த்தை சொன்னால் கூடவே வருகிறேன்.