கல் வீடும் மண் வீடும்

திருத்தணி என்றவுடன் யாவர்க்கும் மலைமேல் உள்ள முருகன் கோயிலே நினைவுக்கு வரும். அதே ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் என்று பழமையான மற்றொன்றும் உண்டு. பல்லவ மன்னன் அபராசிதனின் 18ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பான் அதனைக் கருங்கல்லால் எடுப்பித்தான். எடுப்பித்தவன் பெயர் இன்றும் கல்லில் நிற்கிறது. அக்கல்லைச் சுமந்தோர் எங்கே குடியிருந்தனர்? அவர்தம் மண் சுவருக்கும் ஓலைக் கூரைக்கும் கல்வெட்டு இல்லை. பழஞ்சின்னங்களைப் பாதுகாத்தல் குறித்து அறிஞர் பேசுங்கால் நமக்கு எழும் முதல் வினா இதுவே.

மண் வீடு அழிவது இயற்கைதானே என்பர். ஆண்டுதோறும் மெழுகிக் கூரை மாற்றினால் அதுவும் தலைமுறைகள் தாங்கும். நம் முன்னோர் உறுதியாகக் கட்டாமைக்குக் காரணம் அறியாமையன்று, மனை அவர்களுடையதன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. சேரி மனையையும் மிராசுதாரர் தமதென்றே கொண்டாடினர். சொந்த நிலம் கேட்டு மனுக் கொடுத்தவன் குடிசையை இழக்கவும் நேரும். நாளை இங்கிருப்போமா என்றறியாதவன் கல்லில் கட்டுவானா? அவ்வறிக்கையின் பயனாய் 1892இல் பஞ்சமி நிலம் கிடைத்தது. மனையுரிமையோ, பின்னாளில் தொழிலாளர் இலாகா ஆங்காங்கே வாங்கித் தந்தது நீங்கலாக, 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வரை காத்திருந்தது. திருத்தணி ஆந்திரத்துக்கா தமிழகத்துக்கா என்ற வழக்கு 1960இலேயே தீர்ந்துவிட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்!

குடிசையின் கொடுமையை நாடறியச் செய்தது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். 1974இல் தோன்றிய தாட்கோ, வீட்டு வசதி என்பதைத் தன் பெயரிலேயே தாங்கி வந்தது. காலனிகள் எழுந்தன. தொகுப்பு வீடுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தீப்பிடிக்காத கூரை சிறிய பேறன்று. ஆயினும் திண்ணை எங்கே, மாடு கட்டுமிடம் எங்கே, விறகு அடுக்குமிடம் எங்கே என்று குடியிருக்கப் போகிறவளைக் கேட்டுக் கட்டினாரில்லை.

கேட்டுக் கட்டியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, தொழுநோயாளர் பணிக்கென இந்தியா வந்து, இந்நாட்டுக் குடிமகனாகவே 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். எளிய மக்களின் பழைய வீடுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். செலவு குறைக்கும் வழிகளைத் தம் கையாலேயே சித்திரம் வரைந்து சிறு நூல்களாக வெளியிட்டார். திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்க்கு அவர் அமைத்த வீடுகள் வரிசையில் நில்லாமல் முன்பின்னாக நிற்கும். கடற்காற்று ஒவ்வொரு வீட்டிலும் நுழைய வேண்டுமல்லவா?

அண்ணல் அம்பேத்கர் மாணவராக 1921-22இல் தங்கியிருந்த இலண்டன் வீட்டை மராட்டிய அரசு 2015இல் விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியது. வாடகைக்கு இருந்த வீடும் வரலாறாகலாம் என்பதை அங்கே காண்கிறோம். நம் சேரிகளில் எஞ்சியுள்ள மண் வீடுகள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. இளைஞர்கள் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு பாட்டிமாரிடம் செல்லட்டும். யார் கட்டியது, மண் எந்த ஏரியில் வெட்டியது, பட்டா எவர் பெயரில் உள்ளது என்று கேட்டு, வீட்டின் படத்தையும் வரைந்து வைக்கட்டும்.