கேரி பேக் மீதான பழி: எடைக் கணக்கும் தப்பிய கணக்கும்

கடைப் பைகளைப் பற்றி 2018-இல் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. பிப்ரவரியில் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட ஆய்வறிக்கை, பேரங்காடிகளில் விற்கும் பாலித்தீன் பையே பெரும்பாலான சூழல் குறியீடுகளில் குறைந்த கேடு செய்வது என்றது. ஜூன் 25 அன்று தமிழ்நாடு அரசு பிறப்பித்த அரசாணை எண் 84, பாலித்தீன் கேரி பேக் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களை, தடிமன் எதுவாயினும், 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. இவற்றுள் ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்றே பலரும் கொள்கின்றனர். தொழில்துறை சார்ந்தோர் முதலாவதை மேற்கோள் காட்டித் தடையை உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்பார்கள். சூழல் ஆர்வலர்கள் அறிக்கையையே ஐயுறுவார்கள். இரண்டு ஆவணங்களும் தத்தம் எல்லைக்குள் சரியானவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அவை அளந்த பொருள் வேறு வேறு. கேரி பேக்குக்கு நற்பெயர் வாங்கித் தருவதும் கெட்ட பெயர் வாங்கித் தருவதும் அதன் மெல்லிய தன்மை ஒன்றே என்பதைக் காணத் தவறியதால்தான் விவாதம் இருபது ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதலில் நற்பெயர். ஒரு பொருளின் மூலப்பொருள் எடுப்பு, உற்பத்தி, போக்குவரத்து, கழிவு ஆகிய எல்லாக் கட்டங்களிலும் ஏற்படும் சூழல் சுமையைக் கூட்டிப் பார்ப்பது வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பாலித்தீன் பையின் புவி வெப்பச் சுமைக்குக் கீழே இறங்க வேண்டுமானால், காகிதப் பையை 3 முறையும், தடித்த பாலித்தீன் பையை 4 முறையும், நெய்யாத பாலிபுரோப்பிலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும். இதில் மாயம் எதுவும் இல்லை. அந்த ஆய்வில் பாலித்தீன் பை ஏறத்தாழ 8 கிராம். பருத்திப் பை அதைப் போல இருபது மடங்குக்கும் மேல் எடை கொண்டது. அந்தப் பருத்திக்கு நீர் பாய்ச்ச வேண்டும், உரமிட வேண்டும், மருந்தடிக்க வேண்டும், பிறகு நூற்று நெய்து சாயமேற்ற வேண்டும். எடையை வைத்துப் பார்த்தால் கேரி பேக் வெல்வது உறுதி.

டேனிஷ் அறிக்கையிலிருந்து உலகெங்கும் பரவிய எண் 7,100. பருத்திப் பையை அத்தனை முறை பயன்படுத்தினால்தான் பாலித்தீனுக்கு ஈடாகும் என்று பலரும் எழுதினர். அறிக்கையைத் திறந்து படித்தவர்களுக்குச் செய்தி வேறாகத் தெரியும். காலநிலை மாற்றம் என்ற குறியீட்டை மட்டும் கொண்டால் வேண்டிய எண்ணிக்கை 52. எல்லாக் குறியீடுகளிலும் பாலித்தீனை எட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் மட்டுமே 7,100 வருகிறது. அவ்வளவு உயரத்துக்கு அதைத் தூக்குவது ஓசோன் படலச் சிதைவு என்ற ஒரு குறியீடு. இயற்கைப் பருத்திக்குச் சொல்லப்பட்ட 20,000 என்ற எண்ணில் இன்னொரு சேதியும் ஒளிந்திருக்கிறது. ஆய்வுக்கு எடுத்த இயற்கைப் பருத்திப் பை, ஒப்பீட்டுக்கு வைத்த பாலித்தீன் பையைவிடக் கொள்ளளவில் குறைந்தது என்பதால், ஒன்றுக்கு ஈடாக இரண்டு பைகளைக் கணக்கில் சேர்த்தார்கள். இவற்றைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்தாளுவது ஆய்வுக்கும் வாசகருக்கும் செய்யும் அநீதி.

52 என்பது எட்ட முடியாத எண்ணன்று. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போகும் வீட்டில் ஒரே ஆண்டில் அது நிறைவேறிவிடும். இங்கிலாந்தின் 131-ஐ வைத்துப் பார்த்தாலும் இரண்டரை ஆண்டு. ஜவுளிக்கடையிலோ கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடோ வந்த மஞ்சள் பை நம் வீடுகளில் எப்படி உழைத்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்காது. ரேஷன் அரிசி, காய்கறி, பள்ளிக்கூடப் புத்தகம், வெளியூர்ப் பயணத்துக்கு மாற்றுத்துணி என்று எழுத்து மங்கும்வரை சுமந்து, காது அறுந்தால் தைத்து, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகி முடியும். துணிப்பையின் தகுதி துணியால் வருவதன்று, அந்த உழைப்பால் வருவது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தில் எனக்குப் பிடித்த பகுதி, 2022-இல் கோயம்பேடு சந்தையில் வைத்த, பத்து ரூபாய்க்குப் பை தரும் இயந்திரம். காசு கொடுத்து வாங்கிய பையை மறுவாரமும் கொண்டு வருவார்கள். கருத்தரங்குகளிலும் விழாக்களிலும் விளம்பரம் அச்சிட்டு இலவசமாகத் தரும் துணிப்பைகளோ பீரோவுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும் ஒவ்வொன்றும் கேரி பேக்கைவிடப் பெரிய சூழல் கடன்.

இதுவரை எடைக் கணக்கு. அந்தக் கணக்கு எதை விட்டுவிடுகிறது? பயன்படுத்திய பைகள் எரியுலைக்கோ மறுசுழற்சிக்கோ போய்ச் சேருவதாகவே டேனிஷ் ஆய்வு கொள்கிறது. தெருவில் சிதறுவது புறக்கணிக்கத்தக்க அளவே என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவிடுகிறது. கோபன்ஹேகனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். சென்னைக்கோ மதுரைக்கோ பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதைக் காயலான் கடைத் தராசின் முன் நின்று பார்த்தால் விளங்கும். நம் ஊர்களில் மறுசுழற்சியின் முதுகெலும்பு மாநகராட்சியன்று, குப்பை பொறுக்கிப் பிழைக்கும் மக்கள். அவர்களுக்குக் கூலி எடையின் பேரில். 20 கிராம் எடையுள்ள தண்ணீர் பாட்டில் ஐம்பது சேர்ந்தால் ஒரு கிலோ. பூக்கடையில் தரும் 2 கிராம் கவர் ஐந்நூறு சேர வேண்டும். அந்த ஐந்நூறும் குழம்பும் மண்ணும் ஒட்டியவை. கழுவிக் காயவைக்காமல் கடைக்காரர் எடுக்கமாட்டார். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் ஒருவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கவரை விட்டுச் செல்வது முழுக்க நியாயமான முடிவு. ஆக, மதிப்பீட்டில் பைக்கு வெற்றி தேடித் தந்த அதே இலேசான எடை, எந்தக் கூடைக்கும் அகப்படாமல் அது தப்பிப்பதற்கும் காரணமாகிறது. காற்றில் எழுந்து முள்வேலியில் சிக்குவதும், மழைநீரில் மிதந்து வடிகாலின் வாயை மூடுவதும் இதே பண்பின் விளைவுகள்.

தப்பிய பை என்ன செய்யும் என்பதற்கு மாட்டின் வயிறு ஒரு சாட்சி. மீந்த சோற்றையும் காய்த்தோலையும் கவரில் போட்டு இறுக முடிச்சிட்டு எறிகிறோம். மாட்டால் முடிச்சை அவிழ்க்க முடியாது. வாசனை பிடித்து, பையோடு சேர்த்து விழுங்குகிறது. சோறு செரித்துவிடுகிறது. பாலித்தீன் முதல் இரைப்பையிலேயே தங்கி, நாளடைவில் நூலும் கயிறும் சேர்ந்து கெட்டிப் பந்தாகிறது. வயிறு நிறைந்திருப்பதுபோல் இருக்கும், தீனி இறங்காது. புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு இந்த நிலையை முன்வைத்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. காட்டு விலங்கும் இதற்கு விலக்கல்ல. கோவை மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் இறந்த கருவுற்ற பெண் யானையின் உடற்கூறாய்வில் பிளாஸ்டிக் கழிவு கண்டெடுக்கப்பட்டது. கடலில் ஆமைகள் பையை ஜெல்லிமீன் என்று நினைத்து உண்பதாக நெடுங்காலம் சொல்லி வந்தோம். கடலில் மிதந்து பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனைக்கே ஆமைகள் உணவைப்போல் எதிர்வினை காட்டுகின்றன என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கிலோ பாலித்தீனுக்கு எத்தனை கிலோ கரியமிலவாயு என்ற அளவீட்டில் இந்தச் சாவுகளுக்கு இடமில்லை.

பை மீது சுமத்தப்படும் எல்லாப் பழியும் நியாயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கேரி பேக்கை எரித்தால் டயாக்சின் வரும் என்பது மேடைதோறும் கேட்கும் கூற்று. பாலித்தீனில் இருப்பவை கரியும் ஹைட்ரஜனும். டயாக்சினுக்குக் குளோரின் வேண்டும். அது உடன் எரியும் பி.வி.சி., உப்பு கலந்த உணவுக் கழிவு போன்றவற்றிலிருந்து வருகிறது. தெருமுனையில் கலந்து எரியும் குப்பை நஞ்சு என்பதில் ஐயமில்லை, ஆனால் குற்றவாளியைச் சரியாகக் குறிக்க வேண்டும். வெள்ளத்துக்கும் இது பொருந்தும். 1988, 1998 வெள்ளங்களுக்குப் பின் டாக்காவின் வடிகால்களை அடைத்த பாலித்தீன் மீது சினம் மூண்டு, 2002-இல் வங்கதேசம் நாடு முழுவதும் மெல்லிய பைகளைத் தடைசெய்தது. உலகில் அதுவே முதல் நாடு. நகரத்தில் தேங்கிய நீர் வடியாததற்குப் பைகள் பொறுப்பு. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை மூழ்கடித்தவை ஆறுகள். நீர்நிலைகளை வீட்டுமனையாக்கிவிட்டுக் கேரி பேக்கைக் கூண்டில் ஏற்றும் ஊர்களில் இந்த வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

எடைக் கணக்கையும் தப்பிய பைகளின் கணக்கையும் கலந்து குழப்பியதன் விளைவு நம் சட்டத்திலேயே தெரிகிறது. இந்தியாவில் பைக்கான குறைந்தபட்சத் தடிமன் 1999-இல் 20 மைக்ரான். பிறகு 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் முடிவில் 120 மைக்ரான் என ஏறியது. தடித்த பை விலை கூடும், கடைக்காரர் இலவசமாகத் தரமாட்டார், பொறுக்குபவருக்கும் எடை தேறும் என்பது இதன் பின்னுள்ள தர்க்கம். தப்பிய கணக்கில் அது சரியே. எடைக் கணக்கிலோ, அதே அளவுப் பைக்கு 20 மைக்ரானில் ஆனதைப் போல ஆறு மடங்கு பிளாஸ்டிக் செலவாகிறது. அந்தத் தடித்த பையையும் ஒரே தடவை பயன்படுத்தி எறிந்தால் இரண்டு கணக்கிலும் நட்டம். கலிபோர்னியாவில் நடந்தது இதுவே. மெல்லிய பையைத் தடுத்துத் தடித்த பையை அனுமதித்த அந்த மாநிலம், 2024-இல் புதுச் சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று. அங்கே உள்ளூர்த் தடைகளை ஆராய்ந்த பொருளியலாளர் ரெபெக்கா டெய்லர் இன்னொன்றையும் கண்டார். தடையால் 4 கோடி பவுண்டு பிளாஸ்டிக் குறைந்தது, ஆனால் குப்பைத்தொட்டிக்கென்று மக்கள் தனியாகப் பை வாங்கியதால் 1.2 கோடி பவுண்டு திரும்பி வந்தது. கழித்துப் பார்த்தாலும் மிச்சம் பெரிதுதான். அயர்லாந்து 2002-இல் பைக்கு 15 சென்ட் வரி விதித்ததும், ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்றிருந்த பயன்பாடு 21 ஆக விழுந்தது. அமெரிக்கக் கரையோரத் துப்புரவுப் பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, தடையோ கட்டணமோ உள்ள இடங்களில் கரையில் ஒதுங்கும் குப்பையில் பைகளின் பங்கு கால் பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை சரிந்ததைக் காட்டியது.

இந்த ஒளியில் தமிழ்நாட்டு ஆணையின் இரண்டு முடிவுகள் எனக்கு அறிவார்ந்தவையாகப் படுகின்றன. தடிமனைப் பொருட்படுத்தாமல் தடுத்தது ஒன்று. பார்வைக்குத் துணிபோலிருந்தாலும் பாலிபுரோப்பிலீனால் ஆன நெய்யாத பைகளையும் பட்டியலில் சேர்த்தது மற்றொன்று. நடைமுறையில் சுணக்கம் இருப்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர். முழம் மல்லிகையை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டித் தந்த கைகள் இன்றும் கவரைத்தான் நாடுகின்றன, ஏனெனில் இலைக்கு விலை உண்டு, கவர் ஏறத்தாழச் சும்மா கிடைக்கிறது. அந்த வேறுபாட்டை இல்லாமலாக்காமல் தள்ளுவண்டிக்காரரிடம் தண்டம் வசூலிப்பதில் பயனில்லை. கண்காணிப்பு தொடங்க வேண்டிய இடம் பையைத் தயாரிக்கும் ஆலையும் மொத்தக் கடையும்தான்.

ஆய்வுலகம் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தப்பிய பைகளுக்கான கணக்கு இன்றும் செத்த மாடுகளின் எண்ணிக்கையாகவும் கரையோரத் துப்புரவுப் பட்டியலாகவும் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் எடைக் கணக்கின் துல்லியமான எண்களுக்கு முன்னால் அது தோற்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் சென்னையின் மழைநீர் வடிகால்களைத் தூர்வாருகிறார்கள். எடுத்த வண்டல் லாரியில் ஏறிக் கிடங்குக்குப் போகிறது. அதில் வார்டுக்குச் சில கூடைகளைப் பிரித்து, பையை வேறாகவும் பிஸ்கட் உறை, பால் கவர் ஆகியவற்றை வேறாகவும் எடையிட்டுப் பதிந்தால், விற்ற பைகளில் எத்தனை விழுக்காடு வடிகாலில் முடிகிறது என்பதை மதிப்பீட்டின் சமன்பாட்டில் சேர்க்க முதன்முறையாக ஓர் எண் கிடைக்கும். ஒரு பல்கலைக்கழகத் துறையும் ஒரு மண்டல அலுவலகமும் சேர்ந்தால் அடுத்த செப்டம்பரிலேயே இதைத் தொடங்கலாம்.