நித்தியகல்யாணியும் புற்றணுவின் முடிவும்

நம் வீட்டு முற்றத்திலும் வேலி ஓரத்திலும் யாரும் பேணாமலே பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஐந்து இதழ்களுடன் ஆண்டு முழுவதும் பூப்பதால், நம் முன்னோர் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் அதைக் கெமுந்திங் சீனா என்பர். அதன் பிறப்பிடமோ மடகாஸ்கர் தீவு. இந்த எளிய செடி புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றையே திருப்பிவிட்டது. அது எப்படி என்பதை நாம் இன்று காண்போம்.

முதலில் உயிரணு எப்படிப் பெருகுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெம்மிங், சாலமாண்டர் என்னும் உயிரினத்தின் அணுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அணுவின் கருவினுள் நூல் போன்ற பொருள்கள் தோன்றி, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் செல்வதைக் கண்டார். 1882ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சிக்கு மைட்டோசிஸ் என்று பெயர் வைத்தார். அந்த நூல்களைத்தான் இன்று நாம் குரோமோசோம்கள் என்கிறோம். அவற்றைப் பற்றி இழுத்துச் செல்பவை கதிர் இழைகள். புற்றுநோய் என்பது இந்தப் பிளவு கட்டுக்கடங்காமல் நடப்பதே. அப்படியானால், பிளவைத் தடுத்தால் நோய் ஒழியுமா?

இக்கேள்விக்கு விடை தேடிய வழியில் நித்தியகல்யாணி குறுக்கிட்டது ஒரு தற்செயல். 1952ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு இச்செடியின் இலைகள் வந்து சேர்ந்தன. அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு அவ்விலையைக் காய்ச்சிக் குடித்து வந்தனர். கிளார்க் அதைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவே இல்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, எலிகள் நோய்த்தொற்றுக் கண்டு மடிந்தன. காரணம் தேடியதில், வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்து, எலும்பு மச்சை பழுதுபட்டிருந்தது தெரியவந்தது.

மற்றவர்கள் இதைத் தோல்வி என்று ஒதுக்கியிருக்கக் கூடும். நோபிளோ வேறு விதமாகச் சிந்தித்தார். வெள்ளையணுக்கள் அளவு மீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கும் பொருள் நோயாளிக்குப் பயன்படாதா? 1954இல் அவருடன் சேர்ந்த வேதியியலார் சார்லஸ் பியர் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்தாரும் இதே செடியை ஆராய்ந்து வந்தனர். அங்குக் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகள் செய்வது என்ன? கதிர் இழைகள் நுண்குழல்களால் ஆனவை. 1967ஆம் ஆண்டில் சிக்காகோவில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் இருவரும் அக்குழல்களின் செங்கல் போன்ற புரதத்தைக் கண்டறிந்தனர். பின்னர் அது டியூபுலின் எனப் பெயர் பெற்றது. நித்தியகல்யாணி மருந்துகள் இச்செங்கற்கள் ஒன்றுசேராமல் தடுக்கின்றன. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த டாக்சால் இதற்கு நேர்மாறானது. குழல்களைக் கலைய விடாமல் இறுக்கிவிடுகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். இரண்டிலும் விளைவு ஒன்றே: அணு பிளவின் நடுவில் நின்றுவிடுகிறது.

நின்றால் ஏன் சாக வேண்டும்? இங்கேதான் வரலாறு சுவையாகிறது. அணுக்கள் தம்மைத் தாமே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டென 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் எழுதினர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதை அப்போப்டோசிஸ் என்றனர். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் குழுக்கள் இரண்டு, ஈஸ்ட் அணுக்களில் ஒரு காவல் முறையைக் கண்டன. ஒரு குரோமோசோம் இழையோடு இணையாவிட்டாலும், "பொறு" என்னும் கட்டளை எழுந்து பிளவை நிறுத்திவைக்கும்.

அவ்வாறு காத்திருக்கும் அணுவுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன எனலாம். உயிரைக் காக்கும் புரதங்கள் சிறிது சிறிதாகக் கரைவது ஒன்று. பிளவு நிலையில் அணுவைப் பிடித்து வைக்கும் சைக்கிளின் பி என்னும் புரதம் கரைவது மற்றொன்று. முதற் கடிகாரம் முந்தினால் அணு மடியும். இரண்டாவது முந்தினால், பிளவுபடாமலே நழுவி வெளியேறி, இரட்டிப்புக் குரோமோசோம்களுடன் பிழைத்திருக்கும். 2008ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் காஸ்கோய்ன், டெய்லர் இருவரும் அணுக்களைத் தொடர்ந்து படம்பிடித்து, ஒரே இன அணுக்கள்கூட வெவ்வேறு முடிவை அடைவதைக் கண்டனர். ஒரே மருந்து ஒரு கட்டியில் வெல்வதும் மற்றொன்றில் தோற்பதும் ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம். 2014இல் மேலும் ஒரு திருத்தம் வந்தது. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் டாக்சால் அணுக்களை நெடுநேரம் நிறுத்துவதைவிட, அவற்றை மூன்று நான்கு திசைகளில் தாறுமாறாகப் பிளக்கச் செய்தே கொல்கிறது என்று விஸ்கான்சின் ஆய்வாளர்கள் காட்டினர்.

நேயர்களே! 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களிலேயே இறந்தனர். இன்று வசதி மிக்க நாடுகளில், அந்நோயின் மிகப் பரவலான வகை கண்ட குழந்தைகளுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர். வேறு பல மருந்துகளோடு வின்கிரிஸ்டினுக்கும் இதில் பங்குண்டு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இந்நஞ்சு நல்ல அணுக்களையும் விடுவதில்லை. நரம்புகளுக்குள்ளும் நுண்குழல்கள் இருப்பதால், வின்கிரிஸ்டின் கை கால்களை மரத்துப்போகச் செய்வதுண்டு. மருத்துவர்கள் எடையும் இரத்த நிலையும் பார்த்து அளந்து கொடுப்பது அதனால்தான். முற்றத்துச் செடியைக் காய்ச்சிக் குடித்தால் நோய் தீரும் என்று யாரேனும் சொன்னால், அந்த எலிகளை நாம் நினைத்துக்கொள்வோமாக. செடி தந்தது நஞ்சு. அதை மருந்தாக்கியது மனிதனின் பொறுமையான ஆராய்ச்சி.